இயங்கும் நிரலுக்குத் தன் பெயர் எப்படித் தெரியும்?

கேரளத்துப் பள்ளிக் கணினிகளில் ஓடும் இயங்குதளம் திருவனந்தபுரத்தில் உருவாகிறது. பூஜப்புரையில் இருக்கும் 'கைட்' என்ற அரசு நிறுவனம், உபுண்டுவை அடித்தளமாக வைத்து, பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்து அதைத் தயாரிக்கிறது. 'ஐடி அட் ஸ்கூல்' என்ற பெயரில் 2001 வாக்கில் தொடங்கிய திட்டம்தான் 2017இல் 'கைட்' ஆனது. இந்தக் கணினிகளில் ஒன்றில் டெர்மினலைத் திறந்து 'எக்கோ $0' என்று தட்டினால் 'பேஷ்' என்று பதில் வரும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி, வெறும் எழுத்துத் திரைக்குப் போய், கடவுச்சொல் கொடுத்து நுழைந்து, அதே கட்டளையைத் தட்டினால் '-பேஷ்' என்று வரும். முன்னால் ஒரு சிறு கோடு. இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே நிரல். வட்டில் இருப்பதும் ஒரே கோப்பு. அப்படியிருக்க, பெயர் மட்டும் ஏன் மாறுகிறது?

நிரலின் பெயரைச் சொன்னது நிரல் அல்ல, அதை அழைத்தவர். யூனிக்ஸ் வழியில் வந்த இயங்குதளங்களில் ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கிவைக்கும்போது, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் இரண்டு செய்திகளைத் தனித்தனியாகக் கொடுக்கிறது. எந்தக் கோப்பை ஏற்ற வேண்டும் என்பது ஒன்று. ஏறிய பிறகு அதன் கையில் கொடுக்க வேண்டிய சொற்களின் வரிசை இன்னொன்று. சி மொழியில் எழுதியவர்கள் 'ஆர்க்வி' என்று அறிந்திருப்பது இந்த இரண்டாவதைத்தான். வரிசையின் முதல் இடமான ஆர்க்வி[0] நிரலின் பெயராக இருக்க வேண்டும் என்பது வழக்கம். வழக்கம் மட்டுமே. முதல் செய்தியும் இரண்டாவது செய்தியும் ஒத்துப்போகின்றனவா என்று கெர்னல் பார்ப்பதில்லை. பேஷிலேயே 'எக்ஸெக்' கட்டளைக்கு ஒரு விருப்பக்குறி கொடுத்தால், எந்த நிரலையும் எந்தப் பெயரிலும் தொடங்கலாம்.

அந்தச் சிறு கோடும் அப்படி வந்ததுதான். பயனரை உள்ளே விடும் 'லாகின்' நிரல், கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் போன்ற ஷெல்லைத் தொடங்கும்போது பெயருக்கு முன் ஒரு கோட்டைச் சேர்க்கிறது. கோட்டைக் கண்ட ஷெல், 'நான் இந்தப் பயனரின் முதல் ஷெல்' என்று புரிந்துகொண்டு, நுழைவுக்கான அமைப்புக் கோப்புகளைப் படிக்கிறது. பழைய யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. பெயர் இருக்க வேண்டிய இடம் ஒரு ரகசிய சைகைக்கான இடமாக மாறிவிட்டது. ஐம்பது ஆண்டுகளாக இந்த விஷயத்தில் நடந்த குழப்பங்களுக்கெல்லாம் விதை இந்த ஒரு இடத்துக்குள் இருக்கிறது என்பது என் கருத்து.

'என் பெயர் என்ன?' என்று ஒரு நிரல் கேட்கும்போது, உண்மையில் மூன்று வேறு கேள்விகளில் ஒன்றைக் கேட்கிறது. என்னை எந்தப் பெயர் சொல்லி அழைத்தார்கள்? நான் எந்தக் கோப்பிலிருந்து ஏற்றப்பட்டேன்? என்னை எழுதியவர் எனக்கு வைத்த பெயர் என்ன? முதல் கேள்விக்கான பதில் அழைத்தவரிடம் இருக்கிறது. இரண்டாவதற்கானது கெர்னலிடம். மூன்றாவதற்கானது நிரலின் உள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நிரல் எழுதக் கற்றுத்தரும் நூல்களில் பல இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து, ஆர்க்வி[0]தான் நிரலின் பெயர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பிறகு வருகிற பிழைகளுக்கு அந்த ஒரு வரி பொறுப்பேற்க வேண்டும்.

திருவனந்தபுரம் நகரத்துக்கும் இதே நிலைமை உண்டு. 1991இல் அரசு அந்தப் பெயரை முறைப்படி நிலைநிறுத்தியது. விமானச் சீட்டில் இன்றும் 'டிஆர்வி' என்று, பழைய பெயரான டிரிவாண்டிரத்தின் எழுத்துகளே அச்சாகின்றன. எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் வந்து இறங்கும் ஊர் ஒன்றுதான். லினக்ஸில் சிம்பாலிக் லிங்க் என்பது இதைத்தான் செய்கிறது: ஒரு கோப்பை அடைய இன்னொரு பெயர்.

முதல் கேள்வியின் மேல் பெரும் கட்டடமே எழுப்பியவர்கள் உண்டு. டெபியன் லினக்ஸை ஒரே ஃப்ளாப்பியில் அடக்கிவிட வேண்டும் என்ற தேவையால் 1995இல் புரூஸ் பெரன்ஸ் எழுதத் தொடங்கிய 'பிஸிபாக்ஸ்' அதற்குச் சிறந்த சான்று. கோப்புப் பட்டியலிடுவது, நகலெடுப்பது, அழிப்பது, தேடுவது என்று நூற்றுக்கணக்கான கட்டளைகள் அதில் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கட்டளையின் பெயரிலும் அந்த ஒரே கோப்புக்கு ஒரு லிங்க் உண்டு. ஓடத் தொடங்கியதும் அது ஆர்க்வி[0]ஐப் பார்க்கிறது. 'எல்எஸ்' என்று இருந்தால் பட்டியலிடுகிறது, 'சிபி' என்று இருந்தால் நகலெடுக்கிறது. பொதுவான பகுதிகள் ஒரு முறை மட்டுமே இடம் பிடிப்பதால் மொத்த அளவு வெகுவாகக் குறைகிறது. வீட்டு இணையப் பெட்டிகள் பலவற்றுக்குள் இன்று இருப்பது இதுதான். வட்டு பழுதாகித் தொடங்க மறுக்கும் உபுண்டு கணினி, 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல்லோடு கறுப்புத் திரையில் நின்றுவிடுவதைக் கணினி ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள். அந்தத் திரையின் மேற்பகுதியில் பிஸிபாக்ஸின் பெயர் தெரியும்.

பிஸிபாக்ஸ் தனி ஒரு விதிவிலக்கும் அல்ல. சுருக்கிய கோப்புகளை விரிக்கும் 'பன்ஸிப்2'வும் சுருக்கும் 'பிஸிப்2'வும் ஒரே நிரல்தான், வந்த பெயரைப் பார்த்துத் திசையை முடிவுசெய்கிறது. பேஷை 'எஸ்ஹெச்' என்ற பெயரில் அழைத்தால், தன் தனி வசதிகளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு பழைய ஷெல்லைப் போல நடந்துகொள்கிறது.

இதற்கு நேர் எதிரான கட்சியும் வலுவானது. அந்தக் கட்சியின் முதன்மைக் குரல் திருவனந்தபுரத்துக்கு அந்நியமானதல்ல. 2001 ஜூலை 20 அன்று இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை இந்த நகரத்தில்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிவைத்தார். கேரளத்துப் பள்ளிகள் பின்னர் முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதற்குப் பின்னால் இங்கே வேரூன்றிய அந்த இயக்கத்தின் உழைப்பு இருக்கிறது. ஸ்டால்மனும் குனு திட்டத்தின் தன்னார்வலர்களும் எழுதிய நிரலாக்க நெறிகளில் இந்த விஷயத்துக்குத் தனி இடம் உண்டு. எந்தப் பெயரில் அழைத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரு கருவி தன் நடத்தையை மாற்றிக்கொள்ளக் கூடாது என்கிறது அந்த நெறி. பயனர் தன் வசதிக்காக வேறு பெயரில் ஒரு லிங்க் போட்டுக்கொண்டால், அதனால் நிரலின் வேலை மாறிவிடக் கூடாது. பதிப்பைக் கேட்டால் நிரல் சொல்லும் பெயரும் உள்ளே நிலையாக எழுதப்பட்டதாக இருக்க வேண்டும், ஆர்க்வி[0]இலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. மூன்றாவது கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதிலை நான் வேறெங்கும் படித்ததில்லை.

குனு தன் சொல்லைக் காப்பாற்றவும் செய்திருக்கிறது. பள்ளிக் கணினியில் 'கன்ஸிப்' கட்டளையின் கோப்பைத் திறந்து பார்த்தால், அது ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் என்பது தெரியும். விரிக்கும் விருப்பக்குறியைச் சேர்த்து 'ஜிஸிப்'பை அழைப்பது மட்டுமே அதன் வேலை. 'ஈகிரெப்', 'எஃப்கிரெப்' இரண்டும் அப்படியே. 2022இல் வந்த கிரெப் 3.8 பதிப்பிலிருந்து, இந்தப் பழைய பெயர்களைப் பயன்படுத்தினால் அவை காலாவதியானவை என்ற எச்சரிக்கையும் வருகிறது.

இரு கட்சிகளில் எது சரி? இடம் குறைவான சிறு கருவிகளுக்கு பிஸிபாக்ஸின் வழி நியாயமானது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்ற இடங்களிலெல்லாம் குனுவின் நெறியே மேல். ஆர்க்வி[0]ஐ மனநிறைவோடு பயன்படுத்தத் தகுந்த இடம் ஒன்று உண்டு, பிழைச்செய்தி. பல நிரல்கள் வரிசையாக ஓடும்போது, எந்த நிரல் குறை சொல்கிறது என்று தெரிவதற்காகச் செய்தியின் முன்னால் பெயரைப் போடுவார்கள். அங்கே பயனருக்குத் தெரிந்த பெயர், அதாவது அவர் அழைத்த பெயர்தான் உதவும். குனு சி நூலகம் இதற்காகவே அழைத்த பெயரை முழுதாக ஒரு மாறியிலும், அடைவுப் பாதையை வெட்டிய சுருக்கத்தை இன்னொரு மாறியிலும் வைத்துத் தருகிறது.

இரண்டாவது கேள்விக்கு லினக்ஸ் கெர்னல் தரும் விடை '/ப்ராக்/செல்ஃப்/எக்ஸீ'. உண்மையான வட்டில் இல்லாத, கெர்னல் தானே உருவாக்கிக் காட்டும் ஒரு லிங்க் இது. தன் சொந்தக் கோப்பு எது என்று எந்த நிரலும் இதைப் படித்து அறியலாம். அழைத்தவர் சொன்ன பொய் இங்கே எடுபடாது. ஆனால் இந்த விடைக்கும் எல்லைகள் உண்டு. சிம்பாலிக் லிங்க் வழியாக அழைத்திருந்தால், லிங்க்கின் பெயர் மறைந்து அது சுட்டும் கோப்பின் பெயரே வரும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் புதிய பதிப்பை நிறுவினால், பழைய கோப்பு வட்டிலிருந்து நீங்கிவிடும். அப்போது பாதையின் கடைசியில் 'அழிக்கப்பட்டது' என்ற பொருள்படும் சொல்லை அடைப்புக்குறிக்குள் கெர்னல் ஒட்டிவிடுகிறது. அதைக் கவனிக்காமல் பாதையைத் திறக்கப் போகும் நிரல் திகைத்து நிற்கும்.

இவை போக, கெர்னல் தன் சொந்தக் கணக்குக்காக ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு குறும்பெயர் வைத்திருக்கிறது. 'பிஎஸ்' பட்டியலிலும் 'டாப்' திரையிலும் வழக்கமாகத் தெரிவது அதுதான். அதற்கு ஒதுக்கிய இடம் 16 பைட். முடிவுக்குறி போக 15. உபுண்டுவின் வழக்கமான டெர்மினலாக நெடுங்காலம் இருந்த க்னோம் டெர்மினலுக்குப் பின்னால் ஓடும் நிரலின் பெயர் 'க்னோம்-டெர்மினல்-சர்வர்'. பட்டியலில் அது 'க்னோம்-டெர்மினல்-' என்று கோட்டோடு அறுந்து நிற்கும். ஆங்கில எழுத்துகளில் எண்ணினால் சரியாக 15. நீளமான பெயரை முழுதாகக் கொடுத்து 'பிகிரெப்' கட்டளையால் தேடி, ஓடும் நிரல் கிடைக்கவில்லை என்று தவித்தவர்கள் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் மட்டுமல்ல, லினக்ஸ் சர்வர் இருக்கும் எல்லா ஊரிலும் உண்டு.

நம் மொழிகளுக்கு இந்த வரம்பு இன்னும் கடுமையானது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும், மலையாளத்துக்கும் அப்படியே. 15 பைட்டுக்குள் ஐந்து குறியீடுகள்தான் அடங்கும். புள்ளியும் துணைக்கால் கொம்புகளும் தனிக் குறியீடுகள். 'கணக்கீடு' என்று ஒருவர் தன் நிரலுக்குப் பெயர் வைத்தால் அதில் எட்டுக் குறியீடுகள், மொத்தம் 24 பைட். கெர்னலின் பட்டியலில் அது 'கணக்க' என்று முடிந்துவிடும். எழுபதுகளில் அமெரிக்க ஆய்வகங்களில் ஆங்கிலக் கட்டளைகளை மனதில் வைத்துத் தொடங்கிய மரபின் தொடர்ச்சி இது. பள்ளிக் கணினியின் திரையையே மலையாளத்தில் பேசவைத்த ஊரில், தாய்மொழியில் நிரலுக்குப் பெயர் வைக்க ஆசைப்படும் மாணவருக்கு இந்த வரம்பைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கோப்பின் பெயருக்கு இந்தத் தடை இல்லை. அங்கே 255 பைட் வரை இடம் உண்டு, தமிழில் 85 குறியீடுகள்.

ஓடும்போதே தன் பெயரை மாற்றிக்கொள்ளும் நிரல்களும் இருக்கின்றன, பெரும்பாலும் நல்ல நோக்கத்தோடுதான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் ஒவ்வொரு கிளைக்கும் அது அப்போது செய்யும் வேலையைப் பெயராகப் போட்டுக் காட்டுகிறது. பட்டியலைப் பார்த்தவுடன் எது எந்த இணைப்புக்குப் பணி செய்கிறது என்று புரிந்துவிடும். பெர்ல் மொழியில் $0க்குப் புதிய மதிப்பைக் கொடுத்தாலே பெயர் மாறும். இதே வசதியைத் தீம்பொருள்களும் எடுத்துக்கொள்கின்றன. கெர்னலின் உள்வேலைகள் பட்டியலில் சதுர அடைப்புக்குள் தெரியும் என்பதால், தானும் அப்படி ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு கூட்டத்தில் மறையும் தீம்பொருள்கள் பல. ஐயம் வந்தால், அந்த நிரலின் எண்ணுக்குரிய ப்ராக் அடைவில் 'எக்ஸீ' லிங்க்கைப் பார்க்க வேண்டும். உண்மையான கெர்னல் வேலைக்கு அங்கே கோப்பு எதுவும் இராது. வேடமிட்டதற்கு இருக்கும்.

பைதான் மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பைதானில் எழுதிய நிரல் '/ப்ராக்/செல்ஃப்/எக்ஸீ'யைப் படித்தால் அதற்குக் கிடைப்பது பைதானின் பாதை, தன்னுடையது அல்ல. கெர்னலைப் பொறுத்தவரை ஓடுவது பைதான் என்ற மொழிபெயர்ப்பிதான். ஸ்கிரிப்ட் அதன் கையில் கொடுத்த ஒரு கோப்பு. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் எண்குறியும் வியப்புக்குறியும் போட்டு மொழிபெயர்ப்பியின் பெயரை எழுதும் முறை 1980இல் டென்னிஸ் ரிட்சியிடமிருந்து வந்தது. அந்த வழியில் தொடங்கும்போது, அழைத்தவர் கொடுத்த ஆர்க்வி[0] நீக்கப்பட்டு அந்த இடத்தில் மொழிபெயர்ப்பியின் பெயர் அமர்கிறது. அதனால் மொழிகள் தங்களுக்குள் தனி விடைகளை உருவாக்கிக்கொண்டன. பைதானில் ஓடும் கோப்பைச் சொல்ல ஒரு மாறி, மொழிபெயர்ப்பியைச் சொல்ல இன்னொன்று. பேஷிலும், ஒரு ஸ்கிரிப்டை இன்னொன்றின் உள்ளே இழுத்துப் படிக்கும்போது $0 வெளியில் இருப்பதன் பெயரையே சொல்லும். உள்ளே இருப்பதன் பெயர் வேண்டுமானால் 'பேஷ்_சோர்ஸ்' என்ற மாறியைப் பார்க்க வேண்டும்.

மற்ற இயங்குதளங்கள் ஆளுக்கொரு வழி வைத்திருக்கின்றன. விண்டோஸில் 'கெட்மாட்யூல்ஃபைல்நேம்', மேக்கில் வேறு ஒரு அழைப்பு, ஃப்ரீபிஎஸ்டியில் 'சிஸ்கன்ட்ரோல்' வழி. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே வழி சி மொழியிலோ பாசிக்ஸ் தரநிலையிலோ இல்லை. கோ மொழி 2017இல் தன் 1.8 பதிப்பில் இவற்றையெல்லாம் ஒரே அழைப்புக்குள் சேர்த்துக்கொடுத்தது.

பெயரை நம்புவதால் வரும் ஆபத்துக்கு மூன்று நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும். 2010இல் குனு சி நூலகத்தில் ஒரு ஓட்டையை டாவிஸ் ஒர்மாண்டி வெளிப்படுத்தினார். நிரல் எந்த அடைவில் இருக்கிறதோ அந்த அடைவிலிருந்தே அதன் துணை நூலகங்களைத் தேட 'ஆரிஜின்' என்ற குறி உதவும். தாக்குபவர், நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடும் 'பிங்' போன்ற நிரலுக்குத் தன் அடைவில் ஒரு ஹார்டு லிங்க், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு நேரடிப் பெயர், போட்டு, அந்தப் பெயர் வழியாக அதை ஓட்டினார். கெர்னல் பொய் சொல்லவில்லை. நிரல் உண்மையிலேயே அந்த அடைவின் பெயரில்தான் ஏறியது. அந்த அடைவு தாக்குபவரின் கையில் இருந்தது, அவ்வளவுதான். அவர் வைத்த நூலகம் நிர்வாகியின் அதிகாரத்தோடு ஏறிவிடும். கெர்னலின் விடை சரியாக இருப்பது வேறு, நம்பத் தகுந்ததாக இருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

2019 பிப்ரவரியில் 'ரன்சி'யின் முறை. கன்டெய்னர்களைத் தொடங்கிவைக்கும் இந்த நிரலை, கன்டெய்னருக்குள் இருந்த தீய நிரல் '/ப்ராக்/செல்ஃப்/எக்ஸீ' வழியாகப் பிடித்து, வெளியே புரவலர் கணினியில் இருந்த ரன்சி கோப்பின் மேலேயே எழுத முடிந்தது. தன் அடையாளத்தைக் காட்டும் லிங்க், தன் உடலுக்குள் நுழையும் வாசலாக ஆகிவிட்டது. ரன்சி அதன்பின் தன்னையே நினைவகத்தில் நகலெடுத்து, எழுத முடியாதபடி முத்திரையிட்டு, அங்கிருந்து ஓடும்படி திருத்தப்பட்டது.

2022 ஜனவரி 25 அன்று குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது இவை எல்லாவற்றிலும் பெரியது. 'பிகேஎக்ஸெக்' என்பது சாதாரணப் பயனருக்கு நிர்வாகியின் அதிகாரத்தைக் கொடுத்து நிரலை ஓட்டும் கருவி. உபுண்டுவின் வழக்கமான நிறுவலிலேயே அது இருந்தது. ஆர்க்வி[0] எப்படியும் இருக்கும் என்று எண்ணி, அதைத் தாண்டி அடுத்த சொல்லிலிருந்து அது படிக்கத் தொடங்கியது. ஆனால் அழைப்பவர் நினைத்தால் பெயரே இல்லாமல், ஒரு சொல்லும் கொடுக்காமல் அழைக்கலாம். அப்படி அழைத்தால் சொல்வரிசை தொடங்குமுன்பே முடிந்துவிடும். நினைவகத்தில் அதற்கு அடுத்து இருப்பது சூழல் மாறிகள். பிகேஎக்ஸெக் அவற்றில் முதலாவதைத் தன் முதல் சொல்லாகப் படித்து, திருத்தி, அங்கேயே திரும்ப எழுதியது. அதன் வழியாக, பாதுகாப்புக்காக முன்னரே நீக்கப்பட்ட ஆபத்தான மாறி ஒன்றை மீண்டும் உள்ளே நுழைக்க முடிந்தது. கணினியில் கணக்கு வைத்திருக்கும் யாரும் நிர்வாகி ஆகிவிடலாம். 2009 மே மாதம் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருந்த பிழை இது. இடையில் 2013இலேயே ஒரு நிரலாளர், பெயரில்லாமல் அழைத்தால் பிகேஎக்ஸெக் எல்லை மீறிப் படிக்கிறது என்று எழுதியிருந்தார். அதைக் கொண்டு தாக்க முடியும் என்பது அப்போது புலப்படவில்லை. லினக்ஸ் கெர்னல் 5.18 பதிப்பிலிருந்து, பெயரில்லாமல் யாராவது அழைத்தால் ஒரு வெற்றுச் சொல்லைத் தானே முதல் இடத்தில் வைத்துவிடுகிறது. பெயர் இராது, பெயருக்கான இடம் இருக்கும்.

நிரல் எழுதுபவருக்கு நடைமுறையில் என்ன வேண்டும் என்று பார்த்தால், தன் பெயரைத் தேடும் நிரல்களில் பெரும்பாலானவை உண்மையில் தேடுவது தன் படங்களும் தரவுகளும் அமைப்புகளும் கிடக்கும் இடத்தை. அதை நேரடியாகக் கேட்பதே நல்லது. நிறுவும்போதே பாதையை நிரலுக்குள் எழுதிவைப்பது குனுவின் பழைய, உறுதியான வழி. பைதானில் தொகுப்போடு வந்த தரவைத் திறக்கத் தனி வசதியே இருக்கிறது. அதிகாரம் சம்பந்தப்பட்ட எந்த முடிவையும் பெயரை வைத்தோ பாதையை வைத்தோ எடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

பள்ளியிலேயே இதைக் கற்றுத்தர முடியும். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் நிறுவப் போவதாக 2019இல் கைட் அறிவித்த இயங்குதளத்தில், பேஷ், ஜிஸிப், கிரெப் எல்லாவற்றின் மூலநிரலும் யாரும் படிக்கத் திறந்தே இருக்கிறது. பேஷ் அந்தச் சிறு கோட்டை எந்த வரியில் தேடுகிறது என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி விரும்பினால் போய்ப் பார்த்துவிடலாம். கட்டற்ற மென்பொருளுக்காக இந்த நகரம் கொடுத்த உழைப்பின் பலனாக நான் முதலில் எண்ணுவது செலவு மிச்சமானதை அல்ல, இந்த வாய்ப்பைத்தான்.

கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. பாதையே சொல்லாமல், திறந்துவைத்த கோப்பின் எண்ணை மட்டும் கொடுத்து ஒரு நிரலைத் தொடங்கும் வழி லினக்ஸில் இருக்கிறது. வட்டில் எங்குமே இல்லாமல் நினைவகத்தில் மட்டும் வைத்த நிரலையும் இப்படி ஓட்டலாம். இப்படித் தொடங்கிய நிரலுக்குக் கெர்னல் நெடுங்காலமாக அந்த எண்ணையே குறும்பெயராக வைத்துவந்தது. 'பிஎஸ்' பட்டியலில் வெறும் '3' என்று ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும். 2025இல் வந்த 6.14 பதிப்பில்தான், எண்ணுக்குப் பதிலாகக் கோப்பின் பெயரைக் காட்டும்படி அதைத் திருத்தினார்கள்.